ஒரே லேசரில் பல வண்ண வாய்க்கால்கள்... கடைமடைக்கும் பாயுமா அதிவேக இன்டர்நெட்?

நெல் விற்க ஆன்லைன் பதிவு, பயிர்க் காப்பீட்டுக்கு இ-சேவை மையம், கொள்முதல் பணம் வந்துவிட்டதா என்று பார்க்க வங்கி ஆப். தஞ்சை டெல்டாவில் தண்ணீருக்கு அடுத்தபடியாக விவசாயக் குடும்பங்கள் காத்திருப்பது நெட்வொர்க்குக்குத்தான். அதுவும் தண்ணீர் போலவே எங்கிருந்தோ புறப்பட்டு, கிளை கிளையாகப் பிரிந்து கடைசியில்தான் கிராமத்துக்கு வருகிறது. அந்தப் பயணத்தின் தலைமடையில் இப்போது ஒரு பெரிய மாற்றம் உருவாகி வருகிறது. அதன் பெயர் 'சீப்பு லேசர்'.

இழைக்குள் என்ன ஓடுகிறது?

நம் போனில் இருந்து கிளம்பும் தகவல், பெரும்பாலான தூரத்தைத் தலைமுடி போன்ற கண்ணாடி இழைக்குள் ஒளியாகத்தான் கடக்கிறது. இதுதான் ஆப்டிகல் ஃபைபர். அந்த ஒளியைத் தருவது லேசர்.

கல்லணைக்கு வரும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை. ஆனால், ஃபைபரில் ஒரே இழைக்குள் பல வண்ண ஒளிகள் ஒன்றோடு ஒன்று கலக்காமல் ஓட முடியும். இவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு 'வண்ணங்கள்'. ஒவ்வொரு வண்ணமும் ஒரு தனி வாய்க்கால்.

சிக்கல் என்னவென்றால், வழக்கமான முறையில் ஒரு வண்ணத்துக்கு ஒரு லேசர் வேண்டும். 80 வண்ணம் என்றால் 80 லேசர்கள். சூடு ஏறினால் லேசரின் வண்ணம் லேசாக நகரும். பக்கத்து வாய்க்காலில் போய் இடிக்கும். அதைத் தடுக்க ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கண்காணிக்க வேண்டும். செலவும் மின்சாரமும் கூடிக்கொண்டே போகும்.

சீப்பு எப்படி வந்தது?

சீப்பு லேசரில் ஒரே ஒரு சிறிய செமிகண்டக்டர் சிப்பில் இருந்து பல வண்ணங்கள் ஒரே நேரத்தில் வருகின்றன. சிப்பின் இரு முனைகளும் கண்ணாடி போல் ஒளியைத் திருப்பி அனுப்பும். அந்த நீளத்துக்குள் கச்சிதமாகப் பொருந்தும் வண்ணங்கள் மட்டுமே தங்கும். அதனால் அவை சம இடைவெளியில், சீப்பின் பற்கள் போல் வரிசையாக நிற்கும். நகர்ந்தாலும் சேர்ந்தே நகரும். ஒளிச் சீப்பு நுட்பத்துக்குப் பங்களித்த ஜான் ஹால், தியோடர் ஹென்ஷ் இருவரும் 2005-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

குறையும் உண்டு. ஒரு மதகின் நீரைப் பல வாய்க்கால்களுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் ஓட்டம் குறையும் அல்லவா? அப்படித்தான் ஒவ்வொரு பல்லிலும் ஒளியின் பலம் குறைகிறது. அதைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும். ஆய்வாளர்கள் இப்போது போராடுவது இதோடுதான்.

18 லட்சம் ஜிகாபிட்!

2022-ல் டென்மார்க், ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு லேசரின் ஒளியைச் சிப்புக்குள் செலுத்தி, 223 வண்ணங்களாகப் பயன்படுத்தினர். 37 உள்ளிழைகள் கொண்ட ஃபைபரில், 7.9 கிலோமீட்டர் தூரத்துக்கு, நொடிக்கு 1.84 பெட்டாபிட் தகவல் போனது. அதாவது 18 லட்சம் ஜிகாபிட்டுக்கும் மேல்!

நம் ஊரிலும் இந்தத் துறையில் வேலை நடக்கிறது. சென்னை ஐஐடி-யில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் உதவியோடு, ஒளியைக் கையாளும் சிலிக்கான் சிப்களுக்கான ஆய்வு மையம் இயங்குகிறது.

கடைமடைக்கு எப்போது?

பாரத்நெட் திட்டத்தில் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் பொறுப்பு, 'டான்ஃபினெட்' எனும் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்துடையது. ஊராட்சிக்கு நொடிக்கு 1 ஜிகாபிட் இலக்கு. எல்லா ஊராட்சிகளும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் பயன்படுத்தினாலும், 2022 சோதனையின் வேகம் அதைப்போல 146 மடங்குக்கும் மேல்!

ஆக, எதிர்காலத்தில் தலைமடையில் பஞ்சம் இருக்காது. கவலை கடைசி சில கிலோமீட்டர்களில்தான். டான்ஃபினெட் கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகவே போகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் மின்கம்பங்களை எப்படிச் சாய்த்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கம்பம் சாய்ந்தால் கேபிளும் அறும். அப்போது எந்த லேசராலும் பயனில்லை.

மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும், தூர்வாராத வாய்க்காலில் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேராது. இன்டர்நெட்டுக்கும் அதே கணக்குதான். உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு ஃபைபர் வந்துவிட்டதா? வந்தது வேலை செய்கிறதா? அறுந்தால் சரிசெய்வது யார் பொறுப்பு? அடுத்த கிராம சபையில் இந்த மூன்றையும் கேளுங்கள்.