ஐந்து சதுர மீற்றர் குசினியும் மூன்று கிலோவாட்டும்

போன எபிசோடில் கேஷ் மெமரி பற்றிக் கதைச்ச பிறகு, "இதெல்லாம் வீட்டு வேலைக்கு உதவுமா?" எண்டு ஒரு நேயர் கேட்டிருந்தார். உதவும். எங்கட குசினியில் உதவினது.

முதலில் அந்தச் சொல். யாழ்ப்பாணத்துக் குசினி போர்த்துக்கேயர் விட்டுப்போனது. இத்தாலியர் சொல்லுறது குச்சினா. இரண்டுக்கும் வேர் ஒரே லத்தீன் சொல். பலெர்மோவுக்கு வந்த எங்கட ஆக்களுக்குப் பாடமாக்கத் தேவைப்படாத இத்தாலியச் சொல் இது ஒன்றுதான் போல.

நாங்கள் இருப்பது பலாரோ சந்தைக்குக் கிட்ட, பழைய கட்டடம், மூன்றாம் மாடி, வாடகை. குசினி 1.8 மீற்றர் அகலம், 2.9 மீற்றர் நீளம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. ஸ்டூலில் ஏறக் கூடாது, அடிக்கடி குனியக் கூடாது எண்டு டொக்டர் சொல்லிவிட்டார். சமைக்காமல் இருந்தால் முழங்காலுக்கு நல்லதுதான். ஆனால் அவ அப்படி இருக்கிற ஆள் இல்லை. ஆகவே மாற வேண்டியது குசினி.

இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர்களில் ஒருவர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி, ஒஸ்திரியக் கட்டடக் கலைஞர். 1926இல் பிராங்க்ஃபர்ட் நகரின் மலிவு வீடுகளுக்காக அவர் வரைந்த குசினி 1.9க்கு 3.4 மீற்றர். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் இருக்கிற சமையல் இடத்தைப் பார்த்தார். தொழிற்சாலையில் செய்வது போல ஒவ்வொரு அசைவுக்கும் எவ்வளவு நேரம் போகுது எண்டு கணக்குப் பார்த்தார். பெயர் எழுதின அலுமினியப் பெட்டிகள், யன்னலுக்குக் கீழே வேலை மேசை, இருந்தபடி வெட்டுவதற்குச் சுழலும் ஸ்டூல். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது பூட்டப்பட்டது. அதை வரையும் வரைக்கும் தான் சமைத்ததே இல்லை எண்டு பிறகு அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பாவிக்கிறவரைக் கவனமாகப் பார்த்தால் போதும், நல்ல மென்பொருளும் அப்படித்தான் வருகுது.

நானும் பார்த்தேன். பழைய போன் ஒன்றை அலுமாரிக்கு மேலே வைத்து, ஒரு கிழமை டைம்லாப்ஸ். அம்மா எதை எத்தனை தரம் தொடுகிறா எண்டு எண்ணினேன். ("என்ன தம்பி, என்னை உளவு பாக்கிறியோ?") உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், ஒரு தாச்சி, ஒரு சட்டி, இரண்டு அகப்பை, ஒரு கத்தி. அன்றாடச் சமையலில் முக்கால்வாசி இதுக்குள்ள முடியுது. இந்தச் சின்னக் கூட்டம்தான் எல்-1 கேஷ்: அடுப்பில் இருந்து கை நீட்டும் தூரம், இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் உள்ள உயரம். அங்கே கதவு போட்ட அலுமாரி கூடாது, திறந்த தட்டு மட்டும். கதவைத் திறக்கிறதும் ஒரு லேட்டன்சி.

கிழமைக்கு ஒருக்கால் எடுக்கிற இட்லிச் சட்டி, புட்டுக்குழல் இரண்டாம் அடுக்கில். பழைய பலெர்மோ வீடுகளுக்குக் கூரை உயரம், எங்கடது நாலு மீற்றருக்குக் கிட்ட. மேலே ஒரு பரண் அடித்தோம். இத்தாலியர் இதைச் சோப்பால்கோ எண்டுவினம். பொங்கல் பானையும் பெரிய கிடாரமும் அங்கே. அதை எடுக்கிறது என்ர வேலை. அரிசி மூட்டை மட்டும் வீட்டில் நிற்குது. மரக்கறிக்கு இடமே ஒதுக்கவில்லை, சந்தை ஐந்து நிமிட நடை. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் அங்கேயே கிடைக்குது.

கழுவுற தொட்டிக்கு மேலே இத்தாலிய ஸ்கோலாபியாத்தி: அடித்தட்டு இல்லாத அலுமாரி. கழுவின கோப்பையை அப்படியே நிறுத்தினால் தண்ணி கீழே தொட்டிக்குள்ள வடியும். துடைக்கிறது, திரும்ப அடுக்கிறது இரண்டும் இல்லை. 1940களில் பின்லாந்தில் மாயு கெபார்ட் இதே யோசனையை வளர்த்தெடுத்தார். ஒரே இடம், இரண்டு வேலை. இந்தக் குசினியில் எனக்கு ஆகப் பிடிச்சது இதுதான்.

ஆனால் பெரிய தலையிடி இடம் இல்லை, கரண்ட். இத்தாலியில் சாதாரண வீட்டு ஒப்பந்தம் 3 கிலோவாட். பத்து சதவீதம் கூட, அதாவது 3.3 வரை தொடர்ந்து இழுக்கலாம். அதைத் தாண்டினால் மீற்றர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வெட்டும். எங்கட அவன் 2.2, சுடுதண்ணி பொய்லர் 1.2. இந்த இரண்டோடையே எல்லை தாண்டியாச்சு. மிக்ஸி 0.75, தண்ணி சூடாக்கும் நேரத்தில் வொஷிங் மெஷின் 2. இதுக்கு மேல தண்ணிப் பம்ப். 2024 ஒக்டோபரில் வறட்சியால் பலெர்மோவில் தண்ணிப் பங்கீடு தொடங்கின பிறகு பல்கனித் தாங்கியும் பம்பும் இல்லாமல் சமாளிக்க ஏலாமல் போச்சு.

மீற்றர் இருப்பது கீழ்மாடி வாசலில். நான் வீட்டில் இல்லாத நேரம் கரண்ட் போனால், அம்மா மூன்று மாடி இறங்கி, சுவிட்சைத் தூக்கிவிட்டு, மூன்று மாடி ஏற வேண்டும். அலுமாரியில் மிச்சம் பிடிச்ச குனிவு நிமிர்வெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

அதனால் இண்டக்‌ஷன் வேண்டாம், காஸ் அடுப்பே இருக்கட்டும் எண்டு முடிவெடுத்தோம். (காஸ் எண்டால் சுவரில் காற்றோட்ட ஓட்டை கட்டாயம். குளிருக்குப் பயந்து அதை அலுமாரியால் மறைக்காதேங்கோ.) பொய்லருக்கு எலெக்ட்ரீஷியனைக் கொண்டு ஒரு ரிலே பூட்டினேன். ஒரு ராஸ்பெரி பை வீட்டின் மொத்த இழுவையைப் பார்த்துக்கொண்டிருக்கும், 2.8ஐத் தொட்டால் பொய்லர் நிற்கும், இறங்கினால் திரும்ப ஓடும். சூடான தண்ணி அரை மணித்தியாலம் காத்திருக்கும், அவனுக்குள்ள இருக்கிற கேக் காத்திருக்காது. முன்னுரிமை வரிசை எண்டு முதலாம் ஆண்டில் படிச்சது இதுதான். நாலு மாசமாக அம்மா மீற்றருக்காகக் கீழே இறங்கவில்லை. ஒப்பந்தத்தை 4.5 ஆக்கலாம், ஆனால் மாதாமாதம் நிலையான கட்டணம் கூடும்.

தீராத பிரச்சினையும் உண்டு. பிராங்க்ஃபர்ட் குசினி ஒரு ஆளுக்காக அளந்தது. பெண்ணைத் தனியாக அடைச்சு வைச்சது எண்டு பிறகு அதுக்கு விமர்சனம் வந்தது. எங்கட குசினியும் அப்படித்தான், சிங்கிள் திரெட். சித்தி வந்தால் இரண்டு பேரும் அதுக்குள்ள நிண்டு முட்டுப்படுவினம். யன்னலுக்குக் கீழே பிணைச்சல் போட்டு மடக்குப் பலகை ஒன்று வைச்சேன், ஒரு ஸ்டூலும். சித்தி அதில் இருந்து வெங்காயம் வெட்டுவா, அம்மா அடுப்பில் நிற்பா. அந்த நேரம் பிறிட்ஜ் கதவு முழுசாகத் திறக்காது. இரண்டு பேரும் கதைக்கிற கதையைக் கேட்டால், பிறிட்ஜைத் திறக்க வேண்டிய அவசரம் அவைக்கு இருக்கிற மாதிரித் தெரியேல்லை.

திருவலைக்குத்தான் இன்னும் இடம் முடிவாகவில்லை. நிலத்தில் இருந்து துருவுற பழைய திருவலை, முழங்காலுக்கு ஆகாது. மேசை விளிம்பில் பூட்டுறது ஒன்று வாங்கிக் குடுத்தேன். பூ பெரிசு பெரிசாய் விழுகுதாம். இப்போதைக்கு இரண்டும் இருக்குது.