கொட்டகலையிலிருந்து நுவரெலியா வரை

விரைந்து செல்வோருக்குக் கொட்டகலை ஒரு கடைத்தெரு. ஆறுதலாகச் செல்வோருக்கோ அது தேயிலை நாட்டின் தலைவாயில். அங்கிருந்து நுவரெலியாவுக்குள்ள தூரம் ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். விடுமுறை நாளொன்றில் குடும்பத்தினருடனும் மாணவர் சிலருடனும் புறப்பட்ட நாம், அச்சிறு தூரத்துக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்கினோம்.

பத்தனையைக் கடந்ததும் டெவன் அருவி காட்சி தருகிறது. உயரம் 97 மீற்றர். அதன் பெயர் பழைய கோப்பித் தோட்டத் துரை ஒருவருடையது. 1869 இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்துவிட்டது. பெயர் மாத்திரம் நீரோடு நிலைத்துவிட்டது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி வீழ்ந்த மலைகளில் தேயிலை எழுந்தது.

அடுத்து வருவது சென்கிளயர் அருவி. மேல் கொத்மலை மின்திட்டம் 2012 இல் இயங்கத் தொடங்கியபின் அதன் பெருக்குக் குறைந்துவிட்டது. ஊருக்கு விளக்கெரிய வேண்டுமாயின் அருவி சிறிது தாகத்தோடிருக்க வேண்டும் போலும்!

வழியில் தொழிற்சாலை ஒன்றையும் பார்வையிட்டோம். பச்சைக் கொழுந்தை வாட்டி, உருளையில் அரைத்து, காற்றுப்பட வைத்து, சூடேற்றி உலர்த்திச் சலிக்கிறார்கள். காற்றுப்பட வைப்பதை நொதித்தல் என்று சொல்வது வழக்கமாயினும், உண்மையில் அங்கு நிகழ்வது ஒட்சியேற்றமே என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளல் நன்று. ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. வெண்கோப்பைகளில் ஊற்றித் தந்த தேநீர் இளநிறமும் நறுமணமும் கொண்டிருந்தது. 1,200 மீற்றருக்கு மேல் விளையும் தேயிலையின் இயல்பு அது. இப்பகுதித் தேயிலைக்குத் தை முதல் பங்குனி வரையிலான வறண்ட குளிர்காலமே சிறந்த பருவம்.

“இதைப் பறித்தவர்கள் இதே தேநீரையா குடிக்கிறார்கள்?” என்று மாணவி ஒருத்தி வினவினாள். உயர்ந்த தரங்கள் ஏலத்துக்கும் கப்பலுக்கும் போகின்றன; லயத்து அடுப்பில் பெரும்பாலும் கொதிப்பது தூள்தான் என்றோம். அவள் கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள்.

அவுஸ்திரேலியாவின் பரோசாப் பள்ளத்தாக்கிலும் இவ்வாறே மக்கள் ஒரு பகல் முழுவதும் திராட்சைத் தோட்டங்களிடையே வாகனத்தில் உலாவி மதுவைச் சுவைத்து வருவர். 1842 முதல் அங்கு குடியேறிய ஜேர்மானிய உழவர்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் தத்தம் தோட்டங்களுக்கு உரிமையாளராய், விருந்தினரைத் தாமே வரவேற்கின்றனர். ஏறத்தாழ அதே காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து நடந்து வந்தவர்களின் சந்ததியோ, தாம் பிறந்த லயத்துக்கே உறுதிப் பத்திரம் இன்றி வாழ்கிறது.

தலவாக்கலையை அடைந்தபோது இவ்வெண்ணம் மேலும் கனத்தது. இத்தொகுதி மக்கள் 1947 இல் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டு வந்த 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தே கால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோருக்கு வழி திறந்த சட்டம் 2003 இல்தான் வந்தது. குடியுரிமை கிடைத்தது, குடியிருக்கும் நிலத்தின் உரிமை பெரும்பாலோருக்கு இன்னும் கிட்டவில்லை.

தலவாக்கலையில் சென்கூம்ஸ் தோட்டத்தில் 1925 இல் தோற்றம்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. செடியின் வேரையும் இலையையும் அங்கு நுணுகி ஆராய்கின்றனர். செடிக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கேனும் அதைப் பேணும் கைகளுக்குக் காட்டப்படலாகாதா?

நானுஓயாவைத் தாண்டி, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடைகையில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. இவ்வழியே செல்லும் வாசகர்கள் அருவிகளின் முன் நின்று படம் பிடிப்பதோடு அமையாது, கொழுந்து நிறுக்கும் இடத்திலும் சற்று நிற்பார்களாக. அங்கே தலைக்கயிற்றில் தொங்கும் கூடையின் பாரத்தைக் கண்டவர்க்கே இந்நாட்டுத் தேநீரின் முழுச் சுவையும் விளங்கும்.