பட்டாளத்துக்காரர் மனைவியா? கார்டு வாங்கிட்டீங்களா?



மாமல்லபுரம் பக்கம் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு எழுதி முடித்ததும் பேச்சு பழைய கதைக்குப் போனது. ஓர் அக்கா, வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தபோது மூன்று நாள் ரயிலில் போய் ஜம்முவில் குடித்தனம் பண்ணியதைச் சொல்லிச் சிரித்தார். இப்போது அவர் இல்லை. "சர்க்கரை மாத்திரைக்கே குழுக்கடன் எடுக்கிறேன்" என்றார். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு இலவச வைத்தியம் உண்டு என்று அவருக்குத் தெரியவில்லை.

இ.சி.எச்.எஸ். திட்டம் 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரர், அவர் மனைவி, அவர் காலமானால் குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவி ஆகியோர் சேரலாம். ஒருமுறை பணம் கட்டினால் ஆயுசுக்கும் போதும். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர் குடும்பத்துக்கும் போர் விதவைகளுக்கும் அதுவும் இல்லை.

நமக்குப் பக்கத்தில் தாம்பரத்தில் பாலிகிளினிக் உள்ளது. மருந்து அங்கேயே தருவார்கள். பெரிய வைத்தியம் என்றால் அங்கே சீட்டு வாங்கி, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அவசரத்தில் நேராகவே சேரலாம். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்கணும்.

முக்கியமானது பெயர். அந்த அக்காவுக்கு ஓய்வூதிய ஆணையில் ஒரு பெயர், ஆதாரில் கூப்பிடும் பெயர். அதனால் கார்டு விண்ணப்பம் நிற்கிறது. வீட்டுக்காரர் இருக்கும்போதே ஆணை, டிஸ்சார்ஜ் புத்தகம், ஆதார் மூன்றையும் ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள்.

உங்கள் குழுவில் பட்டாளத்துக் குடும்பம் உண்டா? அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். தனியாக அனுப்பாமல் ஒருவர் துணைக்குப் போங்கள்.