குத்தகை முடிந்த யந்திரங்கள்

தமிழ்நாட்டு சர்க்கார், பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 15-ந் தேதி ஆரம்பித்து வைத்தது. அதற்குப் பின் மன்னார்குடி, பாபநாசம், திருத்துறைப்பூண்டி வட்டாரங்களிலே கூரை வீடுகளுக்குள்ளும் அந்த யந்திரம் புகுந்தது. நடவுக் கூலியில் பிள்ளையைப் படிக்க வைத்த பல குடும்பங்களில் அவ்வளவு விலையுள்ள வேறு பொருள் இருந்ததில்லை. இன்று அவற்றில் பல பரண் மேலே, நெல் குதிருக்குப் பக்கத்திலே உறங்குகின்றன. கேட்டால், "பழசாகிவிட்டது, ஓடவில்லை" என்கிறார்கள். குற்றம் பெரும்பாலும் யந்திரத்தினுடையதல்ல என்பது நமது அபிப்பிராயம்.

கணினியில் இரண்டு சொத்துக்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, கையால் தொடக்கூடிய பெட்டி. மற்றொன்று, அப்பெட்டியை நடத்துகின்ற இயக்குதளம். பெட்டி நம்முடையது. விண்டோஸ் என்னும் இயக்குதளமோ விற்கப்படவில்லை, உரிமம் மட்டுமே அளிக்கப்பட்டது என்று மைக்ரோஸாப்ட் கம்பெனியின் பத்திரம் தெளிவாகச் சொல்லுகிறது. இந்த வித்தியாசத்தைத் தஞ்சை ஜில்லா வாசிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நிலத்தில் உழைப்பவனை நினைத்தபோது வெளியேற்றலாகாது என்று 1952-ல் தஞ்சாவூருக்கென்றே சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் செய்யவேண்டி வந்ததல்லவா? கணினிக் குடியானவனுக்கு அத்தகைய பாதுகாப்பு ஒன்றுமில்லை. விண்டோஸ் 7-க்கு உரிய திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ந் தேதியோடு நின்றன. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ந் தேதி கெடு விதிக்கப்பட்டது. தனி நபர்களுக்கு மேலும் ஒரு வருஷத் தவணை கொடுத்தார்கள். விண்டோஸ் 11-க்குப் போகலாமே என்றால், அது 4 ஜி.பி. நினைவகமும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் கேட்கிறது. சுமார் 2018-க்கு முந்திய செயலிகளில் மிகப் பெரும்பாலானவற்றை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

குத்தகை முடிந்தால் நிலத்தைத் தரிசு போடவேண்டுமென்று நியாயமில்லை. 1991-ல் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், எவரும் பயன்படுத்தவும், ஆராயவும், மாற்றவும், பிறருக்குக் கொடுக்கவும் அநுமதிக்கின்ற ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் வழங்குகிறது. வக்கீல் கண் கொண்டு படித்தாலும் இவ்வளவு தாராளமான பத்திரத்தை நாம் அதிகம் கண்டதில்லை. நமது தேசத்துச் சி-டாக் ஸ்தாபனமும் லினக்ஸின் டெபியன் பதிப்பை ஆதாரமாகக் கொண்டு பாஸ் என்ற இயக்குதளத்தை அமைத்தது. சர்க்கார் பின்னாளில் கொடுத்த மடிக்கணினிகள் சிலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே அதுவும் இருந்தது. திறந்து பார்த்தவர் எத்தனை பேரோ!

காரியம் கடினமன்று. முதலில் படங்களையும் சான்றிதழ் நகல்களையும் வேறிடத்தில் சேமித்துக் கொள்ள வேண்டும். இதில் சோம்பல் கூடவே கூடாது. செயலி 64 பிட் வகைதானா என்றும் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, பழைய 32 பிட் கணினிகளில் நிறுவுவதற்குத் தொகுப்பு தருவதில்லை. பின்பு வேறொரு கணினியில் டெபியனின் நேரடிப் பதிப்பை இறக்கி, ரூபஸ் போன்ற கருவியால் 8 ஜி.பி. பென்டிரைவில் எழுதிக்கொள்ளலாம். மடிக்கணினியைப் போட்டவுடன் எப்12 விசையை அழுத்தினால் (சிலவற்றில் எப்9, சிலவற்றில் எஸ்கேப்) எதிலிருந்து தொடங்குவது என்று அது கேட்கும். பென்டிரைவைக் காட்டினால், உள்ளிருக்கும் வட்டைத் தொடாமலே புதிய இயக்குதளம் ஓடத் தொடங்கும். வைபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா என்று சோதித்துத் திருப்தியான பிறகே நிறுவவேண்டும். வட்டு முழுவதையும் அழிக்கட்டுமா என்ற கேள்வி வரும் இடத்தில் நிதானம் தேவை. சம்மதித்துவிட்டால் பழையது போனதுதான். 2 ஜி.பி. நினைவகமே உள்ளதற்கு எக்ஸ்எப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற இலேசான முகப்பு ஏற்றது. 1999-ல் தமிழ்நாட்டு சர்க்கார் அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகையையும் இதில் அமைத்துக்கொள்ளலாம்.

இதனால் எல்லாம் புதிதாகிவிடும் என்று நாம் பசப்பவில்லை. உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்தால் பழைய யந்திரம் திணறும். சுழலும் வட்டை எடுத்து எஸ்.எஸ்.டி. பொருத்தினால் வேகம் நன்றாகக் கூடும். அதற்குப் பணம் வேண்டும். டாலி விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது. ஆகவே டாலியில் கணக்கெழுதும் அரிசி ஆலைக்காரர் அவசரப்பட வேண்டாம். ஆனால் பிளஸ் டூ படிக்கும் தங்கை பாடம் எழுதவும், விண்ணப்பம் அனுப்பவும், சாத்திரமோ சரித்திரமோ படிக்கவும் அண்ணனுடைய யந்திரம் தாராளமாகப் போதும்.

இதைத் தனித்தனிக் குடும்பங்களின் தலையில் கட்டுவது முறையல்ல. ஜனங்களின் வரிப்பணத்தால் வாங்கிய பொருளைக் கெடாமல் காப்பதும் சர்க்காரின் கடமையே. 1854-ல் தோன்றிய கும்பகோணம் கல்லூரி முதலாக, ஜில்லாவிலுள்ள கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் மே மாத விடுமுறையில், வாய்க்கால் தூர் வாரும் அதே நாட்களில், ஒரு வாரம் தங்கள் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைக்கட்டும். நான்கு மேஜைகள், பத்துப் பென்டிரைவுகள், விஷயம் தெரிந்த இரண்டு மாணவர்கள் போதும். பரணிலிருந்து இறக்கிக்கொண்டு ஜனங்கள் வருவார்கள்.