நீரிழிவும் கண்புரையும்



நீரிழிவுள்ள பாட்டனாரையோ பாட்டியாரையோ கண்புரை அறுவைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு ஒருநாள் உங்களுக்கும் வரக்கூடும். அப்பொறுப்பில் நான் தவறிய கதையோடு தொடங்குகிறேன்.

நான் கல்லூரியில் படித்த காலம். என் தந்தையாருக்கு அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். உண்ணலாகாது என்று நானே முடிவு செய்து, அவரைப் பட்டினியிருக்கச் செய்தேன். அவரோ வழக்கம்போல் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு புறப்பட்டார். மருத்துவமனை வாயிலில் வியர்வை பெருகிற்று, கை நடுங்கிற்று, பேச்சுக் குழறிற்று. செவிலியர் ஒருவர் சர்க்கரை நீர் புகட்டிக் காப்பாற்றினார். அறுவை தள்ளிப் போயிற்று.

கண்மணிக்குப் பின்னுள்ள பளிங்கு போன்ற வில்லை மங்குவதே கண்புரை. குருதியில் சர்க்கரை மிகுந்தால் வில்லையிலும் மிகும். அதில் ஒரு பகுதி சார்பிட்டால் என்னும் பொருளாக மாறித் தங்கி, நீரை ஈர்க்கிறது. நீரிழிவாளர்க்குப் புரை முந்தி வருவதற்கு இஃது ஒரு காரணம். மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தும் முறையை 1949-இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி தொடங்கிவைத்தார்.

அறுவைக்கு முன் செய்யவேண்டுவன யாவை? முதலாவது, விழித்திரைச் சோதனை. நீரிழிவு விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்களையும் கெடுக்கும். புகைப்படக் கருவியில் படச்சுருள் பழுதாயிருக்க, வில்லையை மட்டும் மாற்றிப் பயன் என்ன? விழித்திரையில் வீக்கமோ கசிவோ இருப்பின், இயன்றவரை அதற்கு முதலில் மருத்துவம் செய்வர்.

இரண்டாவது, சர்க்கரையின் அளவு. கடந்த 2, 3 மாதங்களின் நிலையை எச்பிஏ1சி என்னும் குருதிச் சோதனை காட்டும். சர்க்கரை மிகுந்திருந்தால் புண் ஆறுவது தாமதமாகும். கிருமி தொற்றவும் இடமுண்டு. நாள்தோறும் அளவு ஏறி இறங்கினால் கண்ணின் பார்வை அளவும் மாறி, பொருத்தவேண்டிய வில்லையைக் கணிப்பதில் பிழை நேரலாம். அதற்காக, நாள் நெருங்கியபின் அவசர அவசரமாகச் சர்க்கரையைக் குறைப்பதும் தகாது. அது விழித்திரைக்கே தீங்காகலாம். பல வாரங்களுக்கு முன்பே படிப்படியாகச் சீர்செய்தல் வேண்டும்.

மூன்றாவது, இமையழற்சி, கண்ணீர்ப்பைச் சீழ், காலில் ஆறாப் புண் முதலியன இருந்தால் மறையாது சொல்லி, முன்னதாக ஆற்றிக்கொள்ளல் வேண்டும்.

நான்காவது, அறுவை நாளின் ஒழுங்கு. பெரும்பாலும் கண்ணை மட்டுமே மரத்துப்போகச் செய்வதால், இலேசாக உண்ணும்படி பல மருத்துவமனைகளில் சொல்கிறார்கள். எப்போது உண்பது, எந்த மருந்தை எவ்வளவு கொள்வது, எதை நிறுத்துவது என்பவற்றை மருத்துவரிடம் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் முதல் முறையைக் கேட்டுப் பெறுங்கள். பையில் சிறிது சர்க்கரையும் இருக்கட்டும்.

இரண்டாம் முறை அப்படியே செய்தோம். சில வாரங்களில் என் தந்தையார் செய்தித்தாளைத் தாமே படித்தார். படித்த பிள்ளை என்ற துணிவில் நான் ஊகித்தது அவர் உயிருக்கே உலைவைக்க இருந்தது. நீங்கள் ஊகியாதீர்கள், கேளுங்கள்.