தசையை எழுப்பும் மருந்து ரத்தத்தை என்ன செய்கிறது?

வயிற்று அறுவை முடிந்து தையலும் போட்டாயிற்று. ஆனால் நோயாளியால் தானாக மூச்சு இழுக்க முடியாது. தசைகளைத் தளர்த்தக் கொடுத்த ரொக்குரோனியம் இன்னும் பிடியை விடவில்லை. மயக்க மருத்துவர் மணிக்கட்டில் ஒட்டிய மின்முனை வழியாக நான்கு சிறு மின்துடிப்புகளை அனுப்பிக் கட்டைவிரலைக் கவனிக்கிறார். நான்கு முறையும் அது ஏறக்குறைய ஒரே வலுவில் துள்ளினால்தான் மூச்சுக்குழாயை எடுக்கலாம்.

பிடியை விடுவிக்க வெகுகாலமாகக் கைகொடுப்பது நியோஸ்டிக்மின். அது ரொக்குரோனியத்தைத் தொடுவதே இல்லை. தசைக்கு நரம்பு அனுப்பும் தூதுப்பொருளான அசிட்டைல்கோலின் சிதையாமல் காத்து, நரம்பின் கையை ஓங்கச் செய்கிறது. இதயத் துடிப்பு குறைந்துவிடாமலிருக்கக் கிளைக்கோபைரோலேட்டையும் கூடவே போட வேண்டும்.

2008இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற சுகாமாடெக்ஸின் வழியே வேறு. எட்டுச் சர்க்கரை அலகுகளைக் கோத்த வளையம் அது. கிணற்றில் உறைமேல் உறை அடுக்கி ஆழம் கூட்டுவதுபோல, பக்கச் சங்கிலிகளைச் சேர்த்து அதன் குழியை ஆழமாக்கியிருக்கிறார்கள். உள்ளே விழுந்த ரொக்குரோனியம் எளிதில் வெளியேறாது. இரண்டும் சேர்ந்தே சிறுநீரில் போய்விடும்.

கேள்வி எழுந்தது ரத்தத்தில். ஆரோக்கியமானவர்களுக்குக் கிலோவுக்கு 16 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தபோது பி.டி., ஏ.பி.டி.டி. சோதனைகளில் ரத்தம் உறையும் நேரம் 25 சதவீதம் வரை நீண்டது. அதாவது, 12 விநாடியில் உறைய வேண்டியது 15 விநாடி எடுத்தது. ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலை திரும்பிவிட்டது. வழக்கமான அளவு 2 அல்லது 4 மில்லிகிராம்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

சோதனைக் குழாய் வேறு, அறுவை மேசை வேறு. 2014இல் வெளியான ஆய்வில் இடுப்பு, முழங்கால் அறுவை செய்துகொண்ட 1,184 பேரை ஒப்பிட்டார்கள். ரத்தக்கசிவு சுகாமாடெக்ஸ் பெற்றவர்களில் 2.9 சதவீதம், மற்றவர்களில் 4.1 சதவீதம். பயந்தது நடக்கவில்லை. சோதனையில் சேர்க்கும் பாஸ்போலிப்பிடுகளை இந்த வளையம் பற்றிக்கொள்வதால்தான் குழாயில் தாமதம் தெரிகிறது என்கின்றன பிந்தைய ஆய்வகச் சோதனைகள். எனக்கு அது பொருத்தமான விளக்கமாகவே படுகிறது.

அதற்காக எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. உறைதல் கோளாறு உள்ளவர்களுக்கும், வார்ஃபரின், ஹெப்பாரின் போன்றவற்றை முழு அளவில் எடுப்பவர்களுக்கும் இந்த மருந்தைக் கொடுத்தால் உறைதல் அளவுகளைக் கண்காணிக்கச் சொல்கிறது மருந்துக் குறிப்பேடு. அறுவைக்கு முன் மயக்க மருத்துவர் கேட்கும்போது, ரத்தம் கட்டாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை எதுவானாலும் பெயரையும் கடைசியாக எடுத்த நேரத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.