வாக்குச் சீட்டும் குடியிருப்பு மனையும்



காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள் ஜனநாயகத்துக்குள் வந்த கதையை ஒப்பிடுகிறவர்கள், தேர்தல் நடந்ததா, ஆட்சி மாறியதா என்று கேட்பார்கள். காவிரிப் படுகையில் நின்று பார்க்கும் நாம் இன்னொன்றையும் கேட்கிறோம்: வாக்களிப்பவர் குடியிருக்கும் மனை யாருடையது?

இலங்கையைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஆட்சியிலேயே, 1931இல், ஆண் பெண் இருபாலருக்கும் அங்கே வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில் மலையகத் தொழிலாளர் ஆதரவோடு இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல இடங்களை வென்றது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, வாக்கும் பறிபோனது. தஞ்சை, திருச்சிப் பக்கங்களிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் மக்களும் அவர்களில் உண்டு. அவர்கள் குடியிருந்த லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம்.

தென்னாப்பிரிக்காவில் 1994இல் கறுப்பின மக்களுக்கு வாக்கு வந்தது. ஆனால் 1913 நிலச் சட்டம் பறித்த மண் வாக்கோடு சேர்ந்து திரும்பவில்லை.

நம் கதை இவ்விரண்டுக்கும் அருகில்தான் இருக்கிறது. 1951–52 பொதுத்தேர்தலில் மிராசுதாரும் பண்ணையாளும் ஆளுக்கொரு வாக்குப் போட்டார்கள். 1952இலேயே தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் சேரியின் குடிசைகள் பல மிராசுதாரின் மண்ணில் நின்றன. கூலி உயர்த்திக் கேட்டால் வேலை மட்டுமல்ல, வீடும் போகும். அரசியலில் சமத்துவம், வாழ்க்கையில் அசமத்துவம் என்ற முரண்பாட்டை 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தார். கீழ்வெண்மணியில் அது தீயாக எரிந்தது. செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூலி கேட்ட மக்களில் 44 பேர் 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் வாக்குச் சீட்டு தமிழகத்தில் ஆட்சியையே மாற்றியிருந்தது.

விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது. முதல் தேர்தலுக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள். சட்டமும் தானாக வரவில்லை. சங்கம் கட்டியவர்களின் போராட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது. மனை கிடைத்த பிறகும் வயல் பெரும்பாலும் பிறர் கையில்தான்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவுக்குப் போங்கள். ஒவ்வொரு வீட்டு மனைக்கும் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். ஜனநாயகம் நம் ஊருக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை அந்த நோட்டு சொல்லும்.